பொய்யே பேசாதவரின் மகள்

எங்கள் அலுவலகத்தில் ஒரு சூப்பிரண்டென்ட் இருந்தார். அவர் பொய் பேச மாட்டார். அவரைப் பற்றி இதை முதலில் சொல்வதற்குக் காரணம், அவரும் எல்லோரிடமும் இதைத்தான் முதலில் சொல்வார். புதிதாக மாற்றலாகி வருகிறவர்கள் பையை மேஜையில் வைப்பதற்குள், "நான் பொய் பேசுவதில்லை. என்னிடம் அதை எதிர்பார்க்கவும் வேண்டாம்" என்பார். வந்தவர் ஏதோ பொய்யை வாங்கிப்போக வந்து அகப்பட்டுக்கொண்டவர் போல நாற்காலியின் நுனியில் உட்காருவார்.

பொய் பேசாமை அவருடைய ஒழுக்கங்களில் ஒன்றுதான். காலை நாலரைக்கு எழுவார். இரண்டு வேளை குளிப்பார். சர்க்கரையைத் தொட மாட்டார். கோபப்பட மாட்டார். அலுவலகப் பேனாவால் சொந்தக் கையெழுத்துப் போட மாட்டார். சட்டைப் பையில் அதற்கென்று தனியாக ஒரு பேனா இருக்கும். இவற்றையெல்லாம் தினமும் ஒவ்வொன்றாக வாட்ஸ்அப் குழுவில் போடுவார், பின்னணியில் ஒரு சூரிய உதயத்தோடு. நாங்கள் வரிசையாகக் கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டுப் பல் தேய்க்கப் போவோம்.

நாலரைக்கு எழுவதைப் பற்றி ஒரு வார்த்தை. மெயின்லேண்டில் அது பெரிய விஷயமாக இருக்கலாம். அந்தமானில், எங்கள் போர்ட் பிளேரில், ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் ஜன்னலில் வந்து முகத்தில் அடிக்கும். இந்த ஊரில் தூங்குவதற்குத்தான் மன உறுதி வேண்டும். அப்படியும் அவர் எழுவதற்கு முன்னால் நாலு மணிக்கு எழுந்து அடுப்பைப் பற்றவைத்த இன்னொருவர் அந்த வீட்டில் இருந்தார். அவருக்கு வாட்ஸ்அப் குழு கிடையாது. இரண்டு வேளைக் குளியலும் அப்படித்தான். வெயில் காலத்தில் குழாய்த் தண்ணீர் எப்போதாவதுதான் வரும். வரும் நேரத்தில் டிரம் டிரம்மாகப் பிடித்து மாடிக்குத் தூக்கியவர் வேறு. குளித்துச் சுத்தமானவர் வேறு.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் வேலையில் சேர்ந்த புதிதில் டெலானிபூர் குவார்ட்டர்ஸில் அவர்கள் வீட்டுக்கு நேர் கீழே குடியிருந்தேன். மாடியிலிருந்து வாளி வைக்கும் சத்தம், அம்மி நகரும் சத்தம் எல்லாம் எங்கள் கூரையில் கேட்கும். அவருடைய மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். விருதுநகர்ப் பக்கம். அதிகம் பேச மாட்டார். பேச வேண்டியதையெல்லாம் கணவர் பேசிவிட்டதால் மிச்சம் இல்லாமல் போயிருக்கலாம். பிறகு நாங்கள் எதிர்க்கரையில் பாம்பூஃப்ளாட்டில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு போய்விட்டோம். என் கணவருக்குப் படகு என்ஜின் பழுது பார்க்கும் வேலை. அவருக்கு அந்தக் கரைதான் வசதி. நான் தினமும் ஃபெர்ரியில் சாத்தம் வந்து இறங்கி வேலைக்குப் போவேன். இருந்தாலும் அக்காவோடு பழக்கம் விட்டுப்போகவில்லை.

அவர்களுக்கு ஒரே மகள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், வெளியே இந்தி; கோபம் வந்தால் இந்தி மட்டும். என்னை ஆன்ட்டி என்பாள். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது சூப்பிரண்டென்ட் ஒரு தேர்வே நடத்தினார். ஊருக்குள் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பையன். குடிக்க மாட்டான், சிகரெட் இல்லை, பாக்கு இல்லை, விடியுமுன் எழுந்து நடக்கப் போவான், பெரியவர்களைப் பார்த்தால் எழுந்து நிற்பான். "என்னிடம் இருக்கிற ஒழுக்கம் அத்தனையும் அவனிடம் இருக்கிறது" என்று அலுவலகத்தில் கேசரி கொடுத்தார். அவர் மட்டும் கேசரி சாப்பிடவில்லை.

அவர் சொன்னது முழுக்க உண்மை. அந்தப் பையன் கடைசிவரை குடிக்கவே இல்லை. குடிக்காமலேயே அடித்தான்.

முதல் தடவை அவள் வீட்டுக்கு வந்தபோது கன்னம் வீங்கியிருந்தது. இரண்டாம் தடவை மணிக்கட்டில் வளையல் உடைந்து ஏறிய காயம். இரண்டு தடவையும் அப்பா அவளை எதிரில் உட்கார வைத்துப் பொறுமையைப் பற்றிப் பேசினார். பொறுமை அவருக்கு மிகவும் பிடித்த குணம், மற்றவர்களிடம் இருக்க வேண்டிய குணங்களில். பேசி முடித்துத் தானே ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். மாப்பிள்ளை எழுந்து நின்று வரவேற்றானாம். அதைச் சொல்லும்போது அவருக்குப் பெருமையாக இருந்தது.

மூன்றாம் தடவை அவள் அப்பா வீட்டுக்கு வரவில்லை. ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டில் வரவேற்பறை வேலை இருக்கிறது என்று கல்லூரித் தோழி சொல்லியிருக்கிறாள். ஒரு பையில் துணியை அடைத்துக்கொண்டு காலைப் படகில் ஏறிவிட்டாள். படகில் உட்கார்ந்து அம்மாவுக்கு மட்டும் போன் செய்தாள். அம்மா செய்த ஒரே தவறு, அதைக் கணவரிடம் சொன்னது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை.

"மாப்பிள்ளை வந்து கேட்டா தெரியாதுன்னு மட்டும் சொல்லிடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்" என்று அக்கா கேட்டிருக்கிறார்.

"தெரிந்ததைத் தெரியாது என்று சொன்னால் அதற்குப் பெயர் என்ன?"

"நம்ம பொண்ணுங்க."

"உண்மைக்கு நம்ம பெண், அடுத்தவர் பெண் என்றெல்லாம் கிடையாது" என்றாராம். நல்ல வாக்கியம். மறுநாள் குழுவில் சூரிய உதயத்தோடு வந்தது. அதற்குப் பின்னால் என்ன நடந்திருக்கிறது என்று தெரியாமல் நானும் அதற்குக் கைகூப்பினேன்.

மாப்பிள்ளை வந்தான். எங்கே என்றுதான் கேட்டான். இவரோ ரிசார்ட்டின் பெயரைச் சொல்லி, எந்த ஜெட்டியில் இறங்க வேண்டும், ஆட்டோக்காரனிடம் எந்தக் கடற்கரைக்குப் போகச் சொல்ல வேண்டும் என்பதுவரை விளக்கினார். அரைகுறையாகச் சொல்கிற உண்மையும் ஒருவகைப் பொய்தானாம். அக்கா சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "கூடவே படகு டிக்கெட்டும் எடுத்துக் குடுத்திருப்பாரு. அவசரத்துல மறந்துட்டாரு" என்று பின்னொரு நாள் என்னிடம் சொன்னார். அக்கா அப்படிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஹேவ்லாக்கில் நடந்ததை அவள் பிறகு எங்கள் வீட்டில் இருந்தபோது சொன்னாள். வெளிநாட்டுக்காரர்கள் சிலர் அறைச் சாவிக்காக நின்றுகொண்டிருந்த நேரம். அவன் உள்ளே வந்து எல்லோருக்கும் வணக்கம் சொல்லியிருக்கிறான். பிறகு மேஜைக்கு அந்தப் பக்கம் போய் அவள் கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மேனேஜர் ஓடி வந்தவர், அவனைப் பிடிக்கவில்லை. அவளுடைய விரல்களைத்தான் மேஜையிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்திருக்கிறார். "கர் கா மாம்லா கர் மே" என்றாராம். வீட்டு விவகாரத்தை வீட்டில் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய வாழ்க்கை விதி. எல்லோரிடமும் கைவசம் ஒரு விதி இருக்கத்தான் செய்கிறது.

திரும்பி வந்தபின் அவளிடம் போன் இல்லை. கடைக்குப் போகும்போது அவன் வெளியே பூட்டிக்கொண்டு போவான். அக்கா இரண்டு முறை போய்ப் பார்த்தார். இரண்டு முறையும் மாப்பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்து, "சாப்பிடுங்க அத்தை, சாப்பிடுங்க" என்று உபசரித்துக்கொண்டிருந்தானாம். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு ஆமாம், இல்லை என்று பதில் சொன்னாளாம்.

இப்படி இருக்கும்போதுதான் தமிழர்கள் கூடும் ஒரு மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஒன்று நடந்தது. நல்வாழ்வுக்கு நல்லொழுக்கம் என்பது தலைப்பு. பேச்சாளர் வேறு யார்? பொன்னாடை போர்த்தினார்கள். எங்கள் அலுவலகத்திலிருந்து பாதிப் பேர் வந்திருந்தோம். வராவிட்டால் மறுநாள் ஏன் வரவில்லை என்று கேட்பார். அதற்கு நாங்கள் உண்மையைச் சொல்ல முடியாது. அக்கா மூன்றாவது வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அரக்குப் பட்டுச் சேலை, தலையில் கனகாம்பரம்.

சூப்பிரண்டென்ட் நன்றாகத்தான் பேசினார். குரல் ஏறி இறங்கியது. அதிகாலை எழுவதில் ஆரம்பித்து, நாவடக்கம், புலனடக்கம் என்று போய், வாய்மைக்கு வந்தார். வந்ததும் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"வாய்மை என்பது சௌகரியமான நேரத்தில் கடைப்பிடிப்பது அல்ல. சோதனை என் வீட்டுக்கே வந்தது. என் சொந்த மகள், கணவனிடம் கோபித்துக்கொண்டு போனாள். என் மனைவி கண்ணீரோடு கேட்டாள், ஒரே ஒரு பொய் சொல்லுங்கள் என்று. நான் சொல்லவில்லை. பெற்ற பாசம் ஒரு பக்கம், உண்மை ஒரு பக்கம். நான் எந்தப் பக்கம் நின்றேன் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்று அந்தக் குடும்பம் சேர்ந்து வாழ்கிறது."

கைதட்டல். நீண்ட கைதட்டல். முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா அழவில்லை. கணவரிடம் அந்தப் பொய்யைக் கேட்டபோதும் கண்ணீர் விடவில்லை என்று பிற்பாடு சொன்னார். அது இவராகச் சேர்த்துக்கொண்டது. மேடையில் நின்ற அந்த மனிதரை அக்கா பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. சந்தையில் கெட்டுப்போன மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கூடையில் போடுவோமே, அப்படி ஒரு பார்வை.

மண்டப வாசலில் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சூப்பிரண்டென்டைச் சுற்றி ஆட்கள் நின்று கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னை ஓரமாகக் கூட்டிப்போனார்.

"உங்க வீட்டுல பின்னால ஒரு ரூம் சும்மா கிடக்குல்ல?"

"ஆமாக்கா. வலையும் சாமானும் கிடக்கு."

"அதை ஒதுக்கி வை" என்றார்.

நான் ஏன் என்று கேட்கவில்லை. அன்று ஃபெர்ரியில் திரும்பும்போதே என் கணவருக்குப் போன் செய்து அறையை ஒதுக்கச் சொல்லிவிட்டேன். அவரும் ஏன் என்று கேட்கவில்லை. என் கணவருக்கு ஒழுக்கம் என்று சொல்லிக்கொள்ளும்படி பெரிதாக ஒன்றும் கிடையாது. வெற்றிலை போடுவார், கெட்ட வார்த்தை பேசுவார், பூசைக்குத் தாமதமாகத்தான் வருவார். ஆனால் வீட்டுக்கு ஒருவர் வருகிறார் என்றால் கட்டிலை எந்தப் பக்கம் போட்டால் காற்று வரும் என்று யோசிக்கிற ஆள்.

சென்னைக் கப்பல் புறப்படுகிற நாளுக்காக அக்கா காத்திருந்தார். அது ஏன் என்று அப்போது எனக்கே விளங்கவில்லை. அன்று காலை மகள் வீட்டுக்குப் போய், "குலதெய்வத்துக்கு வேண்டுதல் இருக்கு மாப்பிள்ளை. கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி மத்தியானம் கொண்டுவந்து விட்டுர்றேன்" என்றிருக்கிறார். பொய்யே பேசாதவரின் மனைவி அல்லவா? அவன் எழுந்து நின்று, "தாராளமா கூட்டிட்டுப் போங்க அத்தை" என்றானாம்.

இருவரும் ஆட்டோவில் நேராகச் சாத்தம் ஜெட்டிக்கு வந்தார்கள். நான் அங்கே நின்றேன். அவள் கையில் பை கிடையாது, அர்ச்சனைத் தட்டு மட்டும்தான். ஃபெர்ரி நகர்ந்ததும் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு, "இதை என்ன பண்றது ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"சட்னி அரைக்கலாம்" என்றேன். அவள் சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தாள். படகில் பக்கத்திலிருந்த பெங்காலிப் பெண்மணி என்ன ஏது என்று கேட்காமல் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அவளை வீட்டில் விட்டுவிட்டு, என் கணவரை அன்றைக்குப் பட்டறைக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நானும் அக்காவோடு திரும்பினேன். டெலானிபூர் ஏற்றத்தில் ஆட்டோ ஏறும்போது அக்கா தலையைச் சரிசெய்துகொண்டார், பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அலுவலகத்தில் அன்று விடுமுறை. கணவர் வீட்டில்தான் இருந்தார்.

"அவளைக் கப்பல் ஏத்திட்டேன்" என்றார் அக்கா செருப்பைக் கழற்றியபடி.

"என்ன?"

"மெட்ராஸ் கப்பல். இந்நேரம் கிளம்பியிருக்கும். அங்க போய் யாரு வீட்டுக்குப் போவான்னு என்கிட்ட சொல்லலை. சொல்லாதேன்னு நான்தான் சொன்னேன். தெரிஞ்சா நீங்க சொல்லியாகணும்ல?"

அவர் என்னைப் பார்த்தார். நான், "ஆமா சார், நானும் கூடப் போயிருந்தேன்" என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இருந்தது. அவர் கோபப்படவில்லை, அது விதி. ஆனால் அரைமணி நேரம் பேசினார். மனைவி என்பவள் யார், கணவனைக் கேட்காமல் எடுக்கும் முடிவு என்னவாகும் என்பது பற்றி. அக்கா நடுவிலேயே எழுந்து போய் வெங்காயம் நறுக்க ஆரம்பித்துவிட்டார்.

சாயங்காலம் இருட்டுகிற நேரத்துக்கு மாப்பிள்ளை வந்தான். இந்தத் தடவை வணக்கம் சொல்லவில்லை. வாசலில் நின்று, "எங்க அவ?" என்றான்.

அக்கா அதே கப்பல் கதையைச் சொன்னார். அவன் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தான். "நீங்க சொல்றதை நான் நம்ப மாட்டேன் அத்தை. காலையில கோயில்னு சொன்னவங்கதான் நீங்க." பிறகு உள்ளே திரும்பினான். "மாமா, நீங்க சொல்லுங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க."

நான் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் எழுந்தார், கண்ணாடியைக் கழற்றினார், மேடையில் செய்தது போலவே.

"வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது இதுதான். இன்று காலைக் கப்பலில் சென்னை போய்விட்டாள். அங்கே யார் வீட்டுக்கு என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நிச்சயம் சொல்லியிருப்பேன்."

அவன் நம்பினான். ஊரில் வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டான். கப்பலில் யாரையாவது போனில் பிடித்து விசாரிக்கவும் வழியில்லை, நடுக்கடலில் சிக்னல் கிடையாது. அப்போதுதான் அக்கா ஏன் கப்பல் நாளுக்குக் காத்திருந்தார் என்று எனக்கு விளங்கியது. மகள் போனதாகச் சொன்ன ஊர் பெரிது, போன வழி மெதுவானது, சாட்சி சொல்ல வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார், அதுவும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவர்.

அவன் போன பிறகு அக்காவிடம் மெதுவாக, "எப்படிக்கா முகத்தை அப்படி வச்சுக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"இத்தனை வருஷமா பக்கத்துல இருந்து பார்த்திருக்கேனே, உண்மை பேசுறவுக முகம் எப்படி இருக்கும்னு. அதே மாதிரி வச்சுக்கிட்டேன். ஒண்ணும் கஷ்டமில்லை."

மாப்பிள்ளை விமானத்தில் சென்னைக்குப் போனான். கப்பல் போய்ச் சேரும் முன்னாலேயே துறைமுக வாசலில் நின்றிருக்கிறான். எல்லோரும் இறங்கி, பெட்டி தூக்கிக்கொண்டு, ஆட்டோவோடு பேரம் பேசி, கலைந்து போகிறவரை நின்றிருக்கிறான். கூட்டத்தில் தவறவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு அதன்பிறகு விருதுநகருக்குப் பஸ் ஏறி, உறவுக்காரர்கள் வீடு வீடாகப் போயிருக்கிறான். அவர்கள் எல்லோரும் நல்ல மனிதர்கள், காபி கொடுத்து அனுப்பினார்கள்.

அந்த அவகாசம் போதுமாக இருந்தது. பாம்பூஃப்ளாட்டில் எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்துகொண்டு அவள் ஒரு பெண் வக்கீலைப் பார்த்தாள். டாக்டரிடம் காட்டிக் காயங்களுக்குச் சான்று வாங்கினாள். போலீஸில் புகார் கொடுத்தாள். அவன் அவளை நெருங்கக் கூடாது என்று கோர்ட்டில் உத்தரவு கிடைத்தது. இதையெல்லாம் ஒரு பத்தியில் எழுதிவிட்டேன். நடந்தபோது அப்படி இல்லை. ஒவ்வொரு அலுவலகத்திலும் யாரோ ஒருவர் அவளுக்குப் பொறுமையைப் பற்றிச் சொன்னார். பொறுமைக்கு இந்தத் தீவில் பஞ்சமே இல்லை. ஒருநாள் அவள் ஒரு குமாஸ்தாவிடம், "அங்கிள், பொறுமையை நீங்களே வச்சுக்கோங்க, எனக்கு முத்திரை மட்டும் குத்திக் குடுங்க" என்று இந்தியில் சொல்லிவிட்டாள். குத்திக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கோயிலுக்குப் போவேன். நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கர்கள். பாவசங்கீர்த்தனம் செய்ய வரிசையில் நின்றபோது இந்தப் பொய்யைச் சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன். பாவத்தைச் சொன்னால் மட்டும் போதாது, அதற்காக மனஸ்தாபமும் பட வேண்டும் என்று சின்ன வயதில் மறைக்கல்வியில் படித்திருக்கிறேன். எனக்கு மனஸ்தாபம் துளியும் இல்லை. இன்னொரு தடவை சொல்ல நேர்ந்தால் இன்னும் கொஞ்சம் நன்றாகச் சொல்லலாமே என்றுதான் தோன்றியது. வரிசையை விட்டு வெளியே வந்து வீட்டுக்குப் போய் மீன் குழம்பு வைத்தேன்.

விஷயம் வெளியே வந்தது உத்தரவு வந்த பிறகுதான். மாப்பிள்ளை ஊர் திரும்பிய அன்றே குவார்ட்டர்ஸுக்கு வந்து, கீழே நின்றுகொண்டு, மூன்று மாடிக்கும் கேட்கும்படி கத்தினான். "நீங்களுமா மாமா? நீங்களுமா பொய் சொன்னீங்க? அவ இங்கேயேதான் இருந்திருக்கா! ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ற வாய்தானே அது!"

ஜன்னல்கள் திறந்தன. சூப்பிரண்டென்ட் மாடிப்படியில் நின்றவர் நின்றபடியே இருந்தாராம். அன்று அக்கா போன் செய்து என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உள்ளே வந்ததும் அவர் முதலில் கேட்டது, மகள் எப்படி இருக்கிறாள் என்பதல்ல. எங்கே இருக்கிறாள் என்பதுகூட அல்ல.

"என் வாயால் பொய் சொல்ல வைத்துவிட்டாயே" என்றுதான் கேட்டார்.

"நீங்க உங்களுக்குத் தெரிஞ்சதைத்தானே சொன்னீங்க? அதுல என்ன பொய்?" என்றாராம் அக்கா. "பொய் சொன்னது நான். எனக்கு அது சரியாத்தான் இருக்கு."

அவர் பரிகாரம் தொடங்கினார். சில நாள் மௌனவிரதம். சாப்பாடு ஒரு வேளை. அலுவலகத்தில் எதற்கெடுத்தாலும் சைகை. ஒரு கோப்பில் கையெழுத்து வாங்க நாங்கள் நடிகர்களாக வேண்டியிருந்தது. என் மேஜைப் பக்கம் வரும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மௌனம் முடிந்ததும் குழுவில் ஒரு செய்தி வந்தது: வஞ்சிக்கப்பட்டவன் குற்றவாளி அல்ல என்று. பின்னணியில் இந்தத் தடவை சூரிய அஸ்தமனம். நான் கைகூப்பவில்லை. குழுவிலிருந்து வெளியே வந்துவிட்டேன். பல வருடங்களில் நான் செய்த உருப்படியான காரியங்களில் அதுவும் ஒன்று.

அந்த மனிதர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் ஒருவேளை திருந்தியிருப்பார். தன் உடம்பில் அழுக்குப் படாமல் நடப்பது ஒன்றே அவருக்கு வாழ்க்கையாக இருந்தது. வெள்ளை வேட்டிக்காரர் சேற்றில் நடக்கிற மாதிரி, தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தார். பக்கத்தில் ஒருத்தி அதே சேற்றில் மூழ்கிக்கொண்டிருந்தால் கை கொடுக்க முடியாது, இரண்டு கையும் வேட்டியில் இருந்தன. இதற்கு ஒழுக்கம் என்று பெயர் வைத்து நாமும் பொன்னாடை போர்த்தினோம். போர்த்தியவர்களில் ஒருவர்கூட அந்தப் பெண்ணின் மணிக்கட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டதில்லை.

அவள் ஹேவ்லாக்குக்கே திரும்பிப் போனாள். பழைய ரிசார்ட்டுக்கு அல்ல. ஒரு பெங்காலித் தம்பதி சின்னதாக நடத்தும் விடுதி. நேர்காணலில் அந்த அம்மாள் கேட்ட ஒரே கேள்வி, "உன் புருஷன் இங்கே வந்தால் நாய்களை அவிழ்த்துவிடலாமா?" என்பதுதானாம். வழக்கு இன்னும் நடக்கிறது. தேதிக்குத் தேதி படகில் வந்து போகிறாள். அக்கா மாதத்தில் பாதி நாள் அவளோடுதான் இருக்கிறார். அங்கே காலை ஏழு மணி வரை தூங்குகிறார்.

போன மழைக்காலத்தில் சூப்பிரண்டென்ட் ஓய்வு பெற்றார். அலுவலகத்தில் பிரிவுபசார விழா. மேடையில் இரண்டு நாற்காலி போட்டிருந்தோம், ஒன்று காலியாக இருந்தது. பெரிய அதிகாரி மரியாதைக்காக, "மேடம் வரவில்லையா?" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டார்.

அவர் ஒரு நொடி தயங்கினார். "உடம்பு சரியில்லை" என்றார்.

நான் என் காதால் கேட்டேன். அக்காவோடு அன்று காலையில்தான் போனில் பேசியிருந்தேன். கணவாய் மீன் மலிவாகக் கிடைத்தது என்று குஷியாக இருந்தார். மேடையில் அந்த மனிதர் கழுத்தில் மாலையோடு, பக்கத்தில் காலி நாற்காலியோடு நின்றதைப் பார்க்க, ஒரு கணம், ஒரே ஒரு கணம், பாவமாகத்தான் இருந்தது. இவரும் மற்றவர்களைப் போல வெட்கப்படுகிற மனிதர்தான் என்று தோன்றியது. அதற்குள் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பணிக்காலம் முழுவதும் வாய்மை தவறாமல் நடந்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எனக்கு வந்த பரிதாபம் வந்த வழியே போய்விட்டது. சமோசாவை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன்.

அடுத்த சனிக்கிழமை ஹேவ்லாக் போனபோது இதை அக்காவிடம் சொன்னேன். மகள் விடுதிக்குப் போயிருந்தாள். அக்கா கல்லில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். கரண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"என்ன வியாதின்னு சொன்னாரு?"

"அதெல்லாம் சொல்லலைக்கா. உடம்பு சரியில்லைன்னு மட்டும்."

"பழக்கமில்லைல்ல, அதான் தடுமாறிட்டாரு" என்றார் அக்கா. தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, எனக்கு நெய் ஊற்றவா எண்ணெய் போதுமா என்று கேட்டார்.